பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் என் தொழில். டிவியும் ஆம்ப்ளிஃபயரும் மட்டுமே ஏறிக்கொண்டிருந்த என் மேஜையில் சில வருடங்களாக கமடோர் 64, ஸ்பெக்ட்ரம், அமிகா என்று 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களும் வருகின்றன. காரணம் விலைதான். இங்கே பக்கத்தில் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கராஜை ஒழிக்கும்போது ஒரு பெட்டி அகப்படுகிறது. பிள்ளைகள் உடனே போனில் தேடுகிறார்கள். அங்கே யாரோ கேட்டிருக்கும் தொகையைப் பார்த்ததும் வீட்டில் உற்சாகம் வந்துவிடுகிறது. ‘வேலை செய்கிறது’ என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் இன்னும் கூடக் கிடைக்குமே என்று, முப்பது வருடம் சும்மா கிடந்த மெஷினை நேராகச் சுவரில் சொருகிவிடுகிறார்கள்.

என்னிடம் செத்து வரும் மெஷின்களில் பல, கராஜில் கிடந்தவரை நல்லபடியாகத்தான் இருந்திருக்கும்.

“அங்கிள், சிவப்பு லைட் எரிஞ்சுது, டிவியிலதான் ஒண்ணும் வரல” என்பார்கள். கமடோர் 64 என்றால், பழி பெரும்பாலும் அதோடு வந்த கருப்பு பவர் சப்ளை மேல்தான். அதிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். உள்ளே வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால், 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் அதைவிடக் கூடுதலாக ஏறிவிடும். மெமரி சிப்கள் அதைத் தாங்காது, முதலில் போவது அவைதான். லைட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, 5 வந்தாலும் 8 வந்தாலும் அது பாட்டுக்கு எரியும். அந்த சப்ளையைத் திறந்து சரிசெய்யவும் வழியில்லை. உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டரில் மாட்டாமல் சப்ளையை மட்டும் அளந்து பாருங்கள். 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். சூடேறிய பிறகு எகிறும் சப்ளைகளும் உண்டு. என் மேஜையில் எந்த கமடோரையும் அதன் பழைய சப்ளையில் ஓட்டுவதில்லை. புதிதாகச் செய்த சப்ளைகள் கிடைக்கின்றன, அதற்கு ஆகும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெக்ட்ரத்தின் வம்பு வேறு மாதிரி. அதன் 9 வோல்ட் அடாப்டரில் கம்ப்யூட்டருக்குள் போகும் முனையின் நடுப்பகுதி மைனஸ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். “முனை பொருந்துது, வோல்ட்டும் 9தான்” என்று மாட்டினால் கதை முடிந்தது. அதற்கு முந்தைய இசட்எக்ஸ் 81-இல் பவர் ஜாக்கும் கேசட் ஜாக்கும் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இப்படி வடிவமைத்தவரை எப்போதாவது சந்தித்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

பிபிசி மைக்ரோ வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் நம் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் பவர் சப்ளையில் ரீஃபா என்ற பெயர் போட்ட, ஒளி ஊடுருவும் மஞ்சள் உறை கொண்ட காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கலாம். உறையில் மயிரிழை விரிசல் விழுந்து, ஈரம் உள்ளே போகும். டர்பன் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! பிறகு ஒருநாள் மின்சாரம் கொடுத்ததும் சத்தத்தோடு வெடித்து, வீடு முழுக்கப் புகையும் நாற்றமுமாக ஆகிவிடும். மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அது நேரடியாக 230 வோல்ட் ஓடும் இடம், பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்கக் கூடாது. குழாய் டிவி, மானிட்டர் பெட்டியையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

சொருகாமல் விட்டாலும் கெட்டுப்போகிற ஒன்று உண்டு: பேட்டரி. அமிகா 500 பிளஸ், அமிகா 2000 போர்டுகளிலும், பல 386, 486 பிசி போர்டுகளிலும் கடிகாரத்துக்காக ஒரு சின்ன சார்ஜ் பேட்டரியை சால்டர் செய்து வைத்திருப்பார்கள். அது கசிந்தால் செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். சாதாரண அமிகா 500 என்றால், அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, கூடுதல் மெமரி அட்டையில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறீர்களோ இல்லையோ, பேட்டரியை இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். பச்சை பூத்திருந்தால் வினிகரால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். போன கோடுகளை ஒவ்வொன்றாகக் கம்பி இழுத்துச் சேர்ப்பது நீண்ட வேலை, கூலியும் அதற்கேற்றபடிதான் ஆகும்.

சரி, விலைக்கு வருவோம். 1982-இல் இங்கிலாந்தில் 48கே ஸ்பெக்ட்ரம் 175 பவுண்டுக்கு வந்தது. அமெரிக்காவில் கமடோர் 64 முதலில் 595 டாலருக்கு வந்து, சீக்கிரமே விலை இறங்கி, ஒரு கோடிக்கு மேல் விற்றது. இவ்வளவு விற்ற பொருளுக்கு இன்று ஏன் கிராக்கி? அன்று விளையாடிய பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது, கையில் பணம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் பலர் பழைய பொழுதுபோக்குகளுக்குத் திரும்பினார்கள். ரிப்பேர்காரனாக எனக்குத் தெரியும் காரணம் இன்னொன்று: சிப்கள். கமடோரின் ஒலிச் சிப்பான சிட், படச் சிப்பான விக், ஸ்பெக்ட்ரத்தின் கட்டுப்பாட்டுச் சிப்பான யூஎல்ஏ எல்லாம் அந்தந்த மெஷினுக்கென்றே செய்தவை. கமடோர் கம்பெனி 1994-இல் திவாலானது. ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது, அதனால் முழு மெஷின்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வேறு சிப்பின் மேல் சிட்டின் எண்ணான 6581-ஐ அச்சடித்து சிட் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்த்து உங்கள் பெட்டிக்கு மதிப்புப் போடாதீர்கள். உண்மையில் விற்றுமுடிந்தவற்றின் விலையைத் தனியாகப் பார்க்கும் வசதி ஏலத் தளங்களில் இருக்கிறது, அதைப் பாருங்கள். 2014-இல் ஓர் ஆப்பிள் 1 ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது உண்மைதான். அது சுமார் 200 மட்டுமே செய்யப்பட்டது. உங்கள் கமடோர் அந்த ஜாதி இல்லை. மூல அட்டைப்பெட்டி, கையேடு, ஒட்டிய லேபிள் கெடாத வெளிக்கூடு ஆகியவைதான் நல்ல விலைக்கு வழி. மஞ்சளான பிளாஸ்டிக்கை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கும் வழி வீடியோக்களில் பிரபலம். திட்டுத் திட்டாக வெளுத்தால் மஞ்சளே மேல் என்று ஆகிவிடும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே டிவி 1976-இல்தான் வந்தது, ஒளிபரப்பு முறை பிரிட்டனில் இருந்த அதே PAL-I. அதனால் பிரிட்டிஷ் மெஷின்கள் நம் பழைய டிவிகளில் அப்படியே படமும் ஒலியும் தரும். அமெரிக்காவிலிருந்து வருவது என்டிஎஸ்சி என்ற வேறு முறை, கூடவே 120 வோல்ட் சப்ளை. அதை நம் சுவரில் சொருகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தபால் செலவு போக 15% வாட் வரி இருக்கிறது. பயன்படுத்திய பொருளுக்கு இறக்குமதி அனுமதி கேட்கும் விதியும் உண்டு, பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு கேசட்டுகள் கிடைத்தால் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு மெஷினை மட்டும் கொண்டுவருகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். கடையில் வாங்கிய விளையாட்டுகளைப் பலர் ஏற்கெனவே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அப்பாவோ சித்தப்பாவோ இரவெல்லாம் தட்டச்சு செய்து சேமித்த புரோகிராம் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கும். பாட்டு கேசட்டின் மேலேயே பதிந்திருப்பார்கள், அதனால் அட்டையில் சினிமாப் பெயர் இருக்கிறது என்று ஒதுக்காதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள், பிளேயர் ஹெட்டும் அழுக்காகும், நாடாவும் அறுந்துபோகலாம். சுத்தமாக இருந்தால் நல்ல டெக்கில் ஓட்டி, லேப்டாப்பில் ஒலியாகப் பதிந்துகொண்டால் போதும். அந்தக் கீச்சொலிக்குள்தான் புரோகிராம் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்குக்கோ கேப் டவுனுக்கோ பார்சல் அனுப்புவதாக இருந்தால், கனமான பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் போடுங்கள். ஒரே பெட்டியில் வைத்தால் வழியில் உருண்டு கீபோர்டை உடைத்துவிடும். என்னிடம் கொண்டுவருபவர்கள் சப்ளை, கேபிள், கேசட் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவாருங்கள், சொருகிப் பார்க்காமல்.