பாசிட்டிவ் டீவியன்ஸ் – நன்மீறல்

‘டீவியன்ஸ்’ நல்ல பெயர் எடுத்த சொல் இல்லை. லத்தீனில் ‘வியா’ என்றால் வழி, ‘டே’ என்றால் விட்டு அகன்று. சமூகவியலில் குற்றம், போதை, ஒழுங்கீனம் பற்றிய பாடங்களில்தான் அதிகம் புழங்கும். நாம் ஒருவனைப் பற்றிக் குரலைத் தாழ்த்தி, “பையன் தடம் மாறிட்டான்” என்போமே, அந்த வாடை அடிக்கும் சொல். அதன் முன்னால் ‘பாசிட்டிவ்’ என்று சேர்த்து, மருந்துக்கு மசியாத கிருமிகளைத் தடுக்கும் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சேர்த்தவர்கள் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள். ஒரே ஊர், ஒரே வறுமை. ஆனால் ஒரு சில வீடுகளில் மட்டும் குழந்தைகள் தேறி வளர்கின்றன. அந்த விதிவிலக்கான வீடுகளைக் குறிக்க 1970களில் இப்படி எழுதத் தொடங்கினார்கள். அதைச் செயல்முறையாக மாற்றியவர்கள், குழந்தைகள் நல அமைப்பு ஒன்றுக்காக வேலை செய்த ஜெரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதி. 1990 கடைசியில் வியட்நாமின் தான் ஹோவா மாகாணத்துக்குப் போனார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகளில் நன்றாக இருப்பவை எவை என்று கிராமத்தாரையே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்தத் தாய்மார் வயலில் கிடைக்கும் பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை இவற்றைச் சோற்றோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சின்னக் குழந்தைக்கு அதெல்லாம் ஆகாது என்பது ஊர் வழக்கம். அதை மீறியவர்கள் இவர்கள். அந்த வீடுகளில் கற்றதை மற்ற தாய்மாரும் கூடிச் சமைத்துப் பழகினார்கள்.

இறாலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன தொடர்பு என்றால், இடையில் எம்ஆர்எஸ்ஏ வருகிறது. ‘மெதிசிலினுக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்பதன் சுருக்கம். (கிரேக்கத்தில் ‘ஸ்டஃபிலே’ என்றால் திராட்சைக் கொத்து; லத்தீனில் ‘ஆரியஸ்’ என்றால் பொன்னிறம். நுண்ணோக்கியில் கொத்துக் கொத்தாகத் தெரியும்; தட்டில் வளர்த்தால் பொன்னிறமாகப் படரும்.) மெதிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து புழக்கத்துக்கு வந்தது 1959இல், 1961இலேயே அதற்குப் பணியாத கிருமி பிரிட்டனில் கண்டறியப்பட்டது. பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் இந்தக் கிருமி, அறுவைப் புண் வழியாகவோ ரத்தக்குழாயில் செருகிய குழாய் வழியாகவோ உள்ளே போனால் ஆளையே சாய்த்துவிடும். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஊழியர்களின் கை.

கை கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரில் படம் ஒட்டியாயிற்று, சுற்றறிக்கை விட்டாயிற்று, அப்புறமும் நடப்பதில்லை. 2005 வாக்கில் ஸ்டெர்னின் தம்பதியின் முறை பிட்ஸ்பர்க்கில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் வேறு சில மருத்துவமனைகளுக்கும் பரவியது. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், நோயாளியைத் தள்ளிச் செல்பவர் என்று எல்லோரையும் சிறு குழுக்களாக உட்காரவைத்துக் கேட்ட கேள்விகள் எளிமையானவை. இந்த நோயாளியிடம் எம்ஆர்எஸ்ஏ இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியவருகிறது? பரவாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எது குறுக்கே நிற்கிறது? அதைத் தாண்டி யாராவது செய்துவிடுகிறார்களா?

கடைசிக் கேள்விக்கு ஃபிலடெல்ஃபியாவின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவ மையத்தில் விடையாக வந்தவர், நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் ஊழியர் ஒருவர். தொற்றுள்ளவரின் அறைக்குப் போய்வருபவர்கள் மேலங்கியையும் கையுறையையும் கழற்றிப் போட்டுப் போட்டு, குப்பைத்தொட்டி நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. அந்தத் தொல்லைக்கே பலர் அங்கி போடுவதைத் தவிர்த்தார்கள். இவரோ கழற்றும்போதே அங்கியைச் சுருட்டி, கிரிக்கெட் பந்து அளவுக்கு உருட்டி, கையுறையை உள்வெளியாக உரித்து அதற்குள்ளேயே அடைத்துவிடுவார். தொட்டியும் வழியாது, அழுக்குப் பக்கம் வெளியே தெரியவும் தெரியாது. எந்தக் கையேட்டிலும் இல்லாத வித்தை. மருத்துவமனை அதை அவர் பெயராலேயே அழைத்து, மற்றவர்களுக்கும் பழக்கியது. மேலிருந்து இறக்கும் பயிற்சி வகுப்பு நூறு நடத்தினாலும் இது கிடைத்திருக்காது என்றே எனக்குப் படுகிறது. தொட்டி வழிவது வகுப்பு எடுப்பவர் கண்ணில் படாது.

பிரேசிலின் சாவ் பாவ்லோவிலும் ஒரு மருத்துவமனை இதைச் செய்து பார்த்தது. அதன் பெயரும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு பிரிவுகளில் ஒன்றில் மட்டும் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, அங்கே கைகளைச் சுத்தம் செய்தது மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நேர்மறை விலகல்’ என்றால் யாரோ கட்சியை விட்டுச் சிரித்த முகத்தோடு விலகியதுபோல் இருக்கிறது. ‘நேர் விலக்கம்’ கணக்குப் பாடம். பள்ளியில் படித்த திட்ட விலக்கத்துக்குத் தம்பி. ‘முன்மாதிரி’ காதுக்கு இனிமைதான். ஆனால் முன்மாதிரிகளை நிர்வாகம் நியமித்துவிடும், ஆண்டுவிழாவில் சால்வையும் போட்டுவிடும். பழக்கத்தை உடைத்தவர் என்ற பொருள் அதில் ஒட்டாது.

நம் இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார்: வழுவமைதி. விதிப்படி பிழைதான், ஆனாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்கப்படுவது. பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்பது திணை வழு. உவப்பினால் சொன்னதால் அமைதி. பிழைபோலத் தெரிவதற்குள் ஒரு நியாயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த மரபு இது. அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று முதலில் நினைத்தேன். ஓர் இடத்தில் இடித்தது. வழுவமைதி மீறுவது விதியை. வார்டில் விதி ‘கை கழுவு’ என்கிறது. கழுவாமல் அடுத்த படுக்கைக்குப் போவது வழக்கமாகிவிட்டிருக்கிறது. அங்கே விதியைக் கடைப்பிடிப்பவர்தான் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறார். அவர் மீறுவது வழக்கத்தை. ‘வழக்கு விலகல்’ என்று வைத்தால் வக்கீல் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தோன்றும்.

ஆகவே என் தேர்வு, நன்மீறல். நல் + மீறல். ‘நன்மொழி’ போலப் புணரும். ஆங்கிலத்தில் உள்ள அதே முரண் இதிலும் நிற்கிறது, ‘மீறல்’ என்ற வார்த்தையின் உறுத்தலும் போகவில்லை. செய்பவர் நன்மீறலர். ‘விதிமீறல்’ நினைவுக்கு வந்து நிர்வாகிகள் முகம் சுளிக்கலாம். அவர்களிடம் மீறப்படுவது விதியா வழக்கமா என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.

வாக்கியத்தில்: “இரவு ஷிப்டில் யாரும் கிருமிநாசினியைத் தேடி நடப்பதில்லை. ஒரு அக்கா மட்டும் சின்ன பாட்டிலைத் தள்ளுவண்டியிலேயே கட்டிவைத்திருக்கிறார். நம் வார்டின் நன்மீறலர் அவர். நாளைக் கூட்டத்தில் அவரைப் பேசச் சொல்லுங்கள்.”