கிடாருக்குப் புதுத்தோல்: வெனீர், ஸ்டெயின், ஸ்ப்ரே

சில எலெக்ட்ரிக் கிடார்களின் முகத்தில் மேப்பிள் மரத்தின் கோடுகள் வரிவரியாக ஓடும். கிடாரைக் கொஞ்சம் சாய்த்தால் மின்னிய வரி இருண்டுவிடும், இருண்டிருந்தது மின்னும். உடல் முழுக்க அந்த மரம்தான் என்று நம்பினால் பல சமயம் ஏமாந்துபோவோம். மேலே இருப்பது அரை மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள வெனீர் என்ற மரத்தாள், அடியில் வேறு ஏதோ சாதாரண மரம். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, வெனீர் ஒட்டி, மரத்துக்கு நிறம் கொடுக்கும் ஸ்டெயின் ஏற்றி, மேலே ஸ்ப்ரே அடித்துப் புதுசாக்குவதில் வேலைகள் நிறைய இருந்தாலும் குறி ஒன்றுதான்: வெளிச்சம் மரத்துக்குள் கொஞ்சம் புகுந்து திரும்பி வர வேண்டும்.

அந்த வரிகள் நிறத்தால் வருபவை அல்ல. நார்கள் நேராகப் போகாமல் அலையலையாக வளர்ந்த மரத்தை அறுக்கும்போது ஓரிடத்தில் நார் மேற்பரப்போடு படுத்திருக்கும், அடுத்த இடத்தில் அதன் வெட்டுமுனை மேலே எட்டிப் பார்க்கும். படுத்த நார் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, வெட்டுமுனை விழுங்கிவிடுகிறது. அடுத்தடுத்துச் சீவிய இரண்டு வெனீர் தாள்களை நடுவில் மூட்டுப்போட்டு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக ஒட்டுவார்கள் இல்லையா, அதில் இடது பக்கம் வெளிச்சமாகத் தெரியும் வரி வலது பக்கம் இருட்டாகத் தெரியும். ஒட்டியதில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு தாளைத் திருப்பிப் போட்டதால் நாரின் சாய்வும் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஒட்டும் வேலைக்கு வருவோம். மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே நன்றாக உப்பும், ரேகையின் நீளத்தில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. வெள்ளைப் பசையில் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். ஈரப் பசையில் வெனீரை அப்படியே அழுத்தினால் உப்பிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு, பிறகு காயும்போது சுருங்க இடமில்லாமல் கீறல் விடும். இதற்குச் சிலர் செய்யும் தந்திரம் எனக்குப் பிடித்தது: வெனீரின் அடியிலும் கிடார் உடலிலும் தனித்தனியாகப் பசை பூசிக் காயவிட்டு, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார்கள். அந்தப் பசை சூட்டில் இளகும் பிளாஸ்டிக் வகை என்பதால் இரண்டு பூச்சுகளும் உருகி ஒன்றாகிவிடும், தண்ணீர் அநேகமாக முன்பே போயிருக்கும். எதில் ஒட்டினாலும் மெல்லிய வெனீரின் துளைகள் வழியாகப் பசை மேலே கசியக்கூடாது. கசிந்த இடத்தில் ஸ்டெயின் இறங்காது, வெளுத்த திட்டாக நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் அது லேசில் போகாது.

இன்னொரு எல்லையும் உண்டு. தாளை உருளையில் சுற்றலாம், பந்தின்மேல் சுருக்கமில்லாமல் படியவைக்க முடியாது, வெனீரும் அப்படித்தான். முகம் தட்டையான டெலிகாஸ்டர் வகைக்கு இது சுலபம், முழங்கை படும் இடத்தில் சரிவு வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஈரமும் சூடும் கொடுத்து நாரை இளக்கி வளைத்தாக வேண்டும்.

ஸ்டெயினில் இரண்டு வகை. ஒன்றில் நிறத்துகள்கள் மிதக்கும்; அவை மரத்தின் துளைகளில் போய் அடைந்து வெளிச்சத்தை மறைக்கும். மற்றதில் சாயம் முழுக்கக் கரைந்திருக்கும், மூலக்கூறு அளவில் நாருக்குள் இறங்கும், ஒளி ஊடுருவும். வரிகள் உள்ள மேப்பிளுக்கு இந்தச் சாயம்தான். முதலில் கறுப்போ அடர்பழுப்போ பூசினால் வெட்டுமுனைகள் அதை ஆழமாகக் குடிக்கும், படுத்த நார் மேலோடு வாங்கும். காய்ந்ததும் நயமான உப்புத்தாளால் தேய்த்தால் மேலோட்டக் கறுப்பு போய் வரிகளில் மட்டும் நிற்கும், அதன்மேல் நீலமோ மஞ்சளோ ஏற்றினால் வரிகள் எழுந்து நிற்கும். ஆனால் தேய்ப்பது அரை மில்லிமீட்டர் மரத்தை என்பது நினைவிருக்கட்டும்.

சாயத்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, வெளிச்சமே அதைத் தின்னும். கிப்ஸன் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் நிற (நடுவில் மஞ்சள், விளிம்பில் சிவப்பு) லெஸ் பால் கிடார்கள் பலவற்றில் விளிம்பில் இருந்த சிவப்பு வெளுத்துத் தேன்நிறமோ வெறும் மஞ்சளோதான் மிச்சம். இப்போது அந்த வெளுத்த நிறத்தையே புதுக் கிடாரில் அடித்து விற்கிறார்கள்!

சாயம் காய்ந்ததும் மரம் சோகையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். காற்றின் ஒளிவிலகல் எண் 1, மரநாருக்குச் சுமார் 1.5. இந்த வித்தியாசத்தால் சொரசொரப்பான மேற்பரப்பிலேயே வெளிச்சம் சிதறி வெண்மையாகத் திரும்புகிறது. மேலே ஸ்ப்ரே அடிக்கும் ஒளி ஊடுருவும் பூச்சான லாக்கரின் எண்ணும் 1.5-ஐ ஒட்டியது. அது பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் அடங்கி, ஒளி உள்ளே போய் நாரைத் தொட்டுத் திரும்பும். ஆழம் தெரிவது இதனால்தான்.

ஸ்ப்ரே டப்பாவுக்குள் அழுத்தத்தில் திரவமாகிவிட்ட வாயு இருக்கிறது. அடிக்க அடிக்க அது ஆவியாகி டப்பாவைக் குளிரவைக்கும், அழுத்தம் இறங்கும், துளிகள் பெரிதாகும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவைக் கொஞ்சநேரம் வைத்து எடுப்பார்கள் (நெருப்பில் காட்டுவது தற்கொலைக்குச் சமம்). தூரத்திலிருந்து அடித்தால் துளி பாதி வழியிலேயே காய்ந்து, விழுந்த இடத்தில் பரவாமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும். கிட்டே போனால் வழியும். புழுக்கமான நாளில் லாக்கர் பனிபடர்ந்தது போல வெளுக்கும், ஏனென்றால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரில் ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து ஒன்றாகிவிடுவதால், மெல்லிசாக இன்னொன்று அடித்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். ஹார்டனர் (இறுகவைக்கும் வேதிப்பொருள்) கலக்கும் பாலியூரித்தேன் வேறு ரகம். வேதிவினையால் இறுகிய பிறகு எதிலும் கரையாது, அதனால் அடுத்த பூச்சு பிடிக்கத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணிமாஸ்க் அதற்குப் போதாது.

பெயின்ட் மாற்றினால் ஒலி மாறுமா என்று காலங்காலமாகச் சண்டை நடக்கிறது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் கேட்பது உலோகக் கம்பியின் அசைவை. திடமான உடலின்மேல் கால் மில்லிமீட்டர் பூச்சு அதில் காதுக்கு எட்டும் மாற்றம் எதையும் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் 800-ஆம் எண்ணிலிருந்து இன்னும் நயமான 2000 வரை உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடும்போது முதலில் விளிம்புதான் ஓட்டையாகும், ஏனென்றால் ஈரமான பூச்சு பரப்பு இழுவிசையால் கூர்முனையைவிட்டு விலகி அங்கே மெல்லிசாகவே காய்கிறது. விளிம்பை லேசாக உருட்டிவிட்டுத்தான் பெயின்ட்டே அடிக்க வேண்டும். லாக்கர் தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே மிஞ்சிய தின்னர் போக வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பாலிஷ் போட்டால் பிறகு சுருங்கி மரத்துளைகளின் தடம் மேலே தெரியும். முழுக்கக் காய்ந்த நைட்ரோ கிடாரையும் ரப்பர் ஸ்டாண்டில் மாட்டி வைக்காதீர்கள், ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் மாதிரியான சேர்மங்கள் லாக்கரை இளக்கிப் பிசுபிசுவென்று ஒட்டவைத்துவிடும். இடையில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.