மடிக்கணினித் திரையில் எழுத்து கலங்கினால்

நாள் முழுவதும் மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் கண் பரிசோதனைக்கு வரும்போது, கண்ணாடியோடு அந்தக் கணினியையும் எடுத்துவருமாறு நான் வற்புறுத்துவது உண்டு. இந்த வழக்கத்துக்குக் காரணம், 46 வயதான பிழைதிருத்துநர் ஒருவர். "புதுக் கண்ணாடி போட்டும் எழுத்து கலங்கலாத்தான் தெரியுது சார், பவர் மாறிப்போச்சோ?" என்று வருத்தத்தோடு கேட்டார். மறுபடி சோதித்துப் பார்த்தேன். பவரில் தவறில்லை, அச்சிட்ட பொடி எழுத்துகளைத் தடங்கலின்றிப் படித்தார். மறுநாள் அவர் கொண்டுவந்த கணினியைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அது 15.6 அங்குலத் திரை. அதன் இயல்பான ரெசல்யூஷன், அதாவது அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல் எனும் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை, 1920×1080. எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று வீட்டில் ஒருவர் அதை 1280×720 ஆகக் குறைத்து வைத்திருந்தார். எழுத்து பெரிதாகிவிட்டது, ஆனால் கூர்மை போய்விட்டது. எல்.சி.டி. திரையில் உள்ள பிக்சல்கள் தயாரிக்கும்போதே எண்ணிப் பதிக்கப்பட்டவை. அமைப்பில் எண்ணைக் குறைத்தாலும் அவை குறைவதில்லை. எனவே ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றரை மடங்கு நீட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது; அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது என்பதால், கோட்டின் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் பூசப்பட்டுவிடுகின்றன. விழித்திரையைப் பரிசோதிக்க வைத்திருக்கும் 20 டயாப்டர் திறனுள்ள உருப்பெருக்கி லென்ஸைத் திரைக்கு முன்னால் பிடித்து அவருக்கே காட்டினேன். 'பணி' என்ற சொல்லில் ணகரத்தின் சுழிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய வெள்ளை இடைவெளி ஏறக்குறைய தூர்ந்துபோய், அது 'பனி'யா 'பணி'யா என்று நின்று பார்க்க வேண்டியிருந்தது. பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவரின் கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சுமை!

எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைத் தொடவே வேண்டாம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் 'ஸ்கேல்' என்ற அமைப்பு இருக்கும். உயர்த்த வேண்டியது அதைத்தான். 100 சதவீதத்தில் விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல்கள் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. இவருடைய திரையிலோ அங்குலத்துக்கு 141 பிக்சல்கள் இருப்பதால், 4.2 மில்லிமீட்டர் உயரம் பிடிக்க வேண்டிய 12 பாயின்ட் அளவு எழுத்து 2.9 மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. ஸ்கேலை 150 சதவீதமாக்கினால் எழுத்து ஏறத்தாழ அச்சுப் பக்கத்தின் அளவுக்கு வந்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, இந்த அளவுத் திரையில் நான் முதலில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதைத்தான். பழைய மென்பொருள்கள் சில ஸ்கேலை உயர்த்தினால் மங்கலாகத் தெரியும். அந்த மென்பொருளின் பிராப்பர்டீஸில், கம்பேட்டிபிலிட்டி பகுதியில் உள்ள டி.பி.ஐ. (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

எவ்வளவு பிக்சல் போதும் என்பதைக் கண்ணின் திறனை வைத்தே சொல்லலாம். இயல்பான பார்வை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். 60 சென்டிமீட்டர் தொலைவில் இது சுமார் 0.17 மில்லிமீட்டர். 15.6 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஒரு பிக்சல் 0.18 மில்லிமீட்டர், அதாவது நமக்குப் போதுமானது. அதே அளவுத் திரையில் 1366×768 என்றால் பிக்சல் 0.25 மில்லிமீட்டராகி, புள்ளியும் சுழியும் நெருங்கிய தமிழ் எழுத்துக்கு இடம் போதாது. விலை குறைவு என்பதற்காக அதைப் பிள்ளைகளுக்கு வாங்கித்தர வேண்டாம் என்று பெற்றோரிடம் மன்றாடிக் கேட்கிறேன். மாறாக, 13.3 அங்குலத்தில் 3840×2160 கொண்ட திரையில் எழுத்து இன்னும் வழவழப்பாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் படிப்பதற்கென்று மட்டும் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதும் பேட்டரி நிற்கும் நேரத்தை இழப்பதும் தேவையில்லை.

பிழைதிருத்துநரின் சிரமம் திரையோடு முடியவில்லை. அவருடைய படிப்புக் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தொலைவுக்கு அளந்து தந்தது. கணினியோ 60 சென்டிமீட்டரில் இருந்தது. எழுத்தைத் தேடித் தலையை முன்னால் நீட்டி நீட்டிக் கழுத்து வலியும் சேர்ந்திருந்தது. அவர் எவ்வளவு தொலைவில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கணினித் தொலைவுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக அணியும் கண்ணாடியோடு கடைக்குச் செல்லுங்கள். ரெசல்யூஷனை அதன் இயல்பான அளவிலும் ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதத்திலும் வைக்கச் சொல்லி, ஏதாவதொரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபடியே நான்கு பத்திகளைப் படித்துப் பாருங்கள். ணகரமும் னகரமும் தயங்காமல் பிரிந்து தெரிகின்றனவா, மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்கிறதா, முதுகு நாற்காலியை விட்டு விலகுகிறதா என்று கவனித்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.