ஆட்டின் மூக்கை நம்பி அசேலியாவைப் போடாதீர்கள்

மலேசியாவில், தாப்பாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஆடுகளைப் பற்றியவை. இந்த ஆண்டின் மூன்றாவது அசேலியா நஞ்சு சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேமரன் மலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் பூத்துக் குலுங்கும் அசேலியாச் சட்டிகளை ஆசையாக வாங்கி வருகின்றன. குளிருக்குப் பழகிய அச்செடி, நம் செம்பனைத் தோட்டத்துப் புழுக்கத்தில் பூவுதிர்ந்து வாடத் தொடங்கியதும், யாரோ ஒருவர் அதை வெட்டி, வீணாகப் போவானேன் என்று பட்டிக்குள் வீசிவிடுகிறார். செவ்வாயன்றும் அதுவே நடந்தது. காலையில் போட்ட தழைக்கு மாலையில் நான் போனபோது, இரண்டு கிடாய்களும் கழுத்தை நீட்டிப் பல்லை நறநறத்துக்கொண்டிருந்தன. பட்டிப் பலகையெங்கும் பச்சை நுரை தெறித்திருந்தது. அதிலிருந்து ஓர் இலைத்துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்; நரம்போரத்துப் பழுப்பு முடிகள்கூட அப்படியே இருந்தன. அசைபோடும் பிராணி வாந்தி எடுப்பது அரிது. எடுத்தால் எங்கள் மனம் முதலில் போவது இந்தச் செடியின் பக்கம்தான். நிமிடத்துக்கு எழுபதுக்குக் குறையாமல் துடிக்க வேண்டிய இதயம், ஒரு கிடாய்க்கு ஐம்பதைக்கூட எட்டவில்லை.

“ஆட்டுக்குத் தெரியாதா டாக்டரம்மா? ஆகாத தழையை அது தொடாதே” என்றார் வீட்டுப் பாட்டி. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆடாதொடைக்கு அப்பெயர் வந்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். ஆடு அதை ஒதுக்குவது அதன் கசப்பினால். அதிலிருந்து, நஞ்செல்லாம் ஆட்டுக்குத் தெரியும் என்று முடிவுகட்டுவது எப்படி? மேய்ச்சலில் திரியும் ஆடு நூறு செடியில் ஒவ்வொரு வாய் கடித்து நகரும்; ஒன்று ஆகாததாக இருந்தாலும் உள்ளே போகும் அளவு குறைவு. பட்டியில் அடைபட்டுப் பசியோடு நிற்கும் ஆட்டின் முன்னே ஒரே தழையைக் குவித்தால், அது எதைத் தேர்ந்தெடுக்கும்? உடல் எடையில் 0.2 சதவீதம் பச்சை இலையே நஞ்சாகப் போதும். முப்பது கிலோ ஆட்டுக்கு அது அறுபது கிராம். வாடினாலும் காய்ந்தாலும் நஞ்சு போய்விடுவதில்லை.

நீலகிரியில் அசேலியாவின் உறவு மரத்தைக் காட்டுப்பூவரசு என்பார்கள் என்று எங்கோ படித்த ஒருவர், பூவரசந்தழையை ஆடு தின்கிறதே என்று என்னிடம் வாதாடினார். பூவரசு செம்பருத்திக் குடும்பம். அசேலியாவோ ரோடோடென்ட்ரான் இனத்தைச் சேர்ந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் குணம் ஒன்றாகிவிடாது. தேனீ மொய்க்கும் பூவில் நஞ்சேது என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: கி.மு. 401இல் கருங்கடல் கரையோரம் இவ்வினச் செடிகளின் தேனைத் தின்ற கிரேக்கப் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததை, அப்படையில் இருந்த செனபோனே எழுதி வைத்திருக்கிறார். கிரயனோடாக்சின் என்ற நஞ்சு இலையிலும் பூவிலும் தேனிலும் உண்டு.

இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. கரித்தூள், நரம்புவழி நீர், இதயத் துடிப்பு மிகவும் இறங்கினால் அட்ரோபின், மற்றபடி காத்திருப்பு. ஆகவே வாந்தியெடுக்கும் ஆட்டுக்கு, தயவுசெய்து, புளித்தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நான் இழந்த கிடாய்க்கு, செவ்வாயன்று நான் வருவதற்குள் ஒரு போத்தல் ஊற்றப்பட்டிருந்தது. நஞ்சிலிருந்து பிழைத்திருக்கக்கூடிய ஆடு, மூன்றாம் நாள் நெஞ்சுச் சளியில் செத்தது.

ஆட்டை நெஞ்சின் மேல் உட்காரவைத்துத் தலையை உயர்த்திப் பிடியுங்கள், பக்கவாட்டில் சாயவிடாதீர்கள். மிச்சத் தழையை உடனே அகற்றி, ஒரு கொப்பை மட்டும் பையில் போட்டு எனக்காக வையுங்கள். சாவதற்குள் அறுத்துவிடலாமா என்று கேட்காதீர்கள். நஞ்சுண்ட ஆட்டின் இறைச்சியும் வேண்டாம், பாலும் வேண்டாம். வெட்டிய அசேலியாவைக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பட்டியோரம் கொட்டினால், வேலிக்கு வெளியே தலையை நீட்டியாவது எட்டித் தின்றுவிடும்.

பிழைத்த கிடாய் இப்போது அசைபோடுகிறது. பாட்டி வீட்டுப் படிக்கட்டில் இன்னும் இரண்டு சட்டிகள் இருக்கின்றன. அவற்றை மாடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.