கருப்பட்டியில் ஏது மாவு?

‘மாவுச்சத்து’ என்ற சொல்லை நம்பி ஆறு வாரத்தைத் தொலைத்தவன் நான். 91 கிலோ எடையோடு போய் நின்றபோது மருத்துவர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார்: “மாவுச்சத்தக் குறைங்க, தானா இறங்கும்.” வீட்டுக்கு வந்து மாவு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நிறுத்தினேன். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், பூரி எல்லாம் போயின. திருநெல்வேலிக்காரன் பரோட்டாவைக்கூட விட்டேன் என்றால் என் வைராக்கியம் புரியும்.

அந்த இடத்தை நிரப்ப வேண்டுமே. காலையில் முட்டையோடு இரண்டு மோரிஸ் வாழைப்பழம், ஏழெட்டுப் பேரீச்சம்பழம். மதியம் பொரியல், கூட்டு, பெரிய டம்ளரில் சாத்துக்குடிச் சாறு. நாளுக்கு மூன்று கருப்பட்டிக் காப்பி. சீனிதான் கெடுதல், கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த நாக்கு அது. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று அம்மா ஒரு தம்ளர் சத்துமாவுக் கஞ்சி கொடுப்பாள். அதன் பெயரிலேயே மாவு இருக்கிறது. ஆனால் ‘சத்து’ முன்னால் வந்து நின்றதால் அது கண்ணில் படவே இல்லை.

ஆறு வாரம் கழித்துத் தராசில் ஏறினேன். 90 கிலோ 200 கிராம்.

உணவு ஆலோசகர் ஒருவரிடம் போனேன். சாப்பிட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரித்தார். “சார், நீங்க மாவத்தான் விட்டிருக்கீங்க. கார்ப அப்படியே வச்சிருக்கீங்க.” கார்புக்கு, அதாவது கார்போஹைட்ரேட்டுக்குத் தமிழ்தானே மாவுச்சத்து என்று கேட்டேன். “அதான் சார் பிரச்சினையே” என்றார். அன்றைக்குத் தொடங்கிய சொல்லாராய்ச்சி இது.

மா என்பதுதான் பழைய வடிவம். மாவிளக்கு, மாக்கோலம் என்ற சொற்களில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அரிசிமா, கோதுமைமா, குரக்கன்மா என்று தினமும் புழங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ‘வு’ சேர்ந்து மாவு ஆகிவிட்டது. உலர்ந்த பொடியும் மாவு, அரைத்த இட்லிக் கரைசலும் மாவு, பிசைந்த சப்பாத்தி உருண்டையும் மாவு. ஆகவே இந்தச் சொல் ஒரு பொருளின் பக்குவத்தைத்தான் சொல்கிறது. எதை இடித்தார்கள், எதை அரைத்தார்கள் என்பது அதில் இல்லை. பாதாமை அரைத்தாலும் மாவுதான். ஆனால் 100 கிராம் பாதாமில் கார்போஹைட்ரேட் 20 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், அதிலும் பாதிக்கு மேல் நார். பாதாம் மாவில் ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டே ஒருவர் மாவுச்சத்தைக் குறைக்க முடியும். என்னைப் போல மாவையே தொடாமல் மாவுச்சத்தில் மூழ்கவும் முடியும்.

‘சத்து’ வடமொழி வழி வந்தது. சாரம், வலிமை என்று பொருள். உணவு அறிவியல் தமிழுக்கு வந்தபோது இது மிகவும் கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ஒன்றைப் பிடித்து அதன் பின்னால் ‘சத்து’ போட்டால் கலைச்சொல் தயார்: இரும்புச்சத்து, நார்ச்சத்து, கொழுப்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து. அழகான முறை, பாமரருக்கும் புரியும். மாவுச்சத்தும் இப்படி வந்ததுதான். ஆனால் இங்கே மட்டும் கணக்கு தப்பிவிட்டது. மாவில் இருக்கும் சத்து ஸ்டார்ச். ஸ்டார்ச், கார்போஹைட்ரேட் என்ற பெரிய குடும்பத்தின் ஒரு கிளை. கிளையின் பெயரைத் தூக்கிக் குடும்பத்துக்கே வைத்துவிட்டோம்.

குடும்பத்தின் மற்ற கிளைகள் எவை? குளுக்கோஸ், பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ், பாலில் உள்ள லாக்டோஸ், சீனியும் வெல்லமும் கருப்பட்டியும் தரும் சுக்ரோஸ், கீரைத்தண்டில் இருக்கும் செல்லுலோஸ். நார்ச்சத்து என்று தனியாகப் பெயர் வைத்துக் கொண்டாடுவதில் பெரும்பகுதியும் கார்போஹைட்ரேட்தான். செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. நம் குடலால் அதை உடைக்க முடியாது என்பதால் எடைக் கணக்கில் வருவதில்லை.

வாழைக்காயைப் பாருங்கள். பச்சையாக இருக்கும்போது அதில் நிறைய ஸ்டார்ச். பள்ளிக்கூடத்தில் செய்தோமே, ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும், அது. அதே காய் பழுக்கப் பழுக்க ஸ்டார்ச் உடைந்து சர்க்கரையாகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் அயோடின் விட்டால் பெரிதாக நிறம் மாறாது. சொல்லை மட்டும் பார்த்தால் வாழைக்காய்க்கு மாவுச்சத்து உண்டு, வாழைப்பழத்துக்கு இல்லை. உடம்பு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை, பெரிய மோரிஸ் பழம் ஒன்றில் அதற்கு 25 கிராம் கார்போஹைட்ரேட் போய்ச் சேர்கிறது. 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம், கேழ்வரகில் 70 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, வெல்லத்தில் ஏறக்குறைய 85 கிராம். கருப்பட்டியும் வெல்லத்தின் பக்கம்தான். சோற்றை விட்டுவிட்டு அதைவிடச் செறிவான ஒன்றை மூன்று வேளையும் காப்பியில் கரைத்துக் குடித்திருக்கிறேன்!

கார்போஹைட்ரேட் என்ற மூலச் சொல்லாவது ஒழுங்கா என்று பார்த்தால், அதிலும் ஒரு பழைய தவறு உட்கார்ந்திருக்கிறது. லத்தீனில் கார்போ என்றால் கரி. கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் நீர். 1844இல் கார்ல் ஷ்மிட் என்ற வேதியியலாளர் ஜெர்மன் மொழியில் ‘கோலன்ஹைட்ராட்’ என்று பெயரிட்டார். நீரேறிய கரி என்று பொருள். குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். தண்ணீரில் இருப்பது போலவே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று. அப்படியானால் ஆறு கரியும் ஆறு தண்ணீரும் சேர்ந்ததுதானே என்று நினைத்தார்கள். அடுப்படியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சீனியை வெறும் வாணலியில் காய்ச்சிக்கொண்டே இருந்தால் ஆவி கிளம்பும், கடைசியில் கரி மிஞ்சும்.

உண்மையில் குளுக்கோஸுக்குள் தண்ணீர் தண்ணீராக இல்லை. அணுக்கள் வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அதே இரண்டுக்கு ஒன்று கணக்கு தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் பொருந்தும், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் பொருந்தும். அவை கார்போஹைட்ரேட் அல்ல. ராம்னோஸ் என்றொரு சர்க்கரை, கணக்குக்குள் வராமலே கார்போஹைட்ரேட்டாக இருக்கிறது. பெயர் பிழை என்று தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. ஆகவே பிழையான சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது தமிழின் தனிக் குறை இல்லை.

எடைக்காக இந்த வகை உணவைக் குறைத்து, அந்த அனுபவத்தை அச்சிட்டு ஊரறியச் செய்தவர்களில் முன்னோடி வில்லியம் பேண்டிங். லண்டனில் சவ அடக்கப் பணி செய்துவந்தவர், அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையே ஏற்று நடத்திய குடும்பம். 5 அடி 5 அங்குல உயரத்துக்கு 202 பவுண்டு எடை. செருப்பு நாடாவைக் கட்டக் குனிய முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் மெல்ல இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது. காது மந்தமாகிறது என்று 1862இல் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனபோது அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஏறத்தாழ ஓர் ஆண்டில் 46 பவுண்டு குறைந்தது. 1863இல் அதைத் தன் செலவில் சிறு பிரசுரமாக வெளியிட்டார். அவர் பெயரே இங்கிலாந்தில் வினைச்சொல் ஆகிவிட்டது. சுவீடன் மொழியில் எடைக்காகச் சாப்பாட்டைக் குறைப்பதற்கு இன்றும் ‘பேண்டா’ என்றுதான் பெயர்.

பேண்டிங் கதையில் என்னை நிறுத்தியது ஒரு சொற்றொடர். விட்ட உணவுகளில் என்ன இருக்கிறது என்று சொல்லும்போது அவர் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஸ்டார்ச்சும் இனிப்புப் பொருளும் என்று இரண்டைச் சொன்னார். எனக்கும் அப்படிச் சொல்லியிருந்தால் கருப்பட்டி அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

சரி, நான் என்ன ஆனேன்? இரண்டாவது முறை பழம், சாறு, கருப்பட்டி, கஞ்சி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினேன். முட்டை, மீன், கோழி, தயிர், கீரை, தேங்காய் போட்ட பொரியல், சோற்றுக்குப் பதில் துருவி வதக்கிய காலிபிளவர். முதல் வாரத்திலேயே இரண்டரை கிலோ இறங்கியது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆலோசகர் அதற்கும் சிரித்தார். உடம்பு குளுக்கோஸைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது, மொத்தம் அரை கிலோ அளவுக்கு. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கார்ப் வரத்து நின்றதும் அந்தக் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்து எடையில் பெரும்பகுதி அதுதான். வேதியியலில் பொய்த்துப்போன அந்த ‘நீர்’, உடம்புக்குள் வேறொரு வழியில் உண்மையாகிவிட்டது.

அந்த நீரோடு உப்பும் போகும். நான்காம் நாள் எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. கோழி ரசத்தில் உப்பைக் கூட்டிக் குடித்த பிறகுதான் அடங்கியது. வாயில் ஒரு மாதிரி வாடை, முதல் பத்து நாள் மலச்சிக்கல். பிறகு பழகிவிட்டது. நான்கு மாதத்தில் 81 கிலோவுக்கு வந்தேன். பிறகு மைத்துனன் கல்யாணம், தீபாவளி, மதினி வீட்டுப் பால்கொழுக்கட்டை என்று வரிசையாக வந்து மூன்று கிலோ திரும்பி ஏறியது. இன்று 84. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மருந்தின் அளவு மாறாமல் கார்ப் மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

இனி, சரியான தமிழ்ச்சொல் எது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கார்போஹைட்ரேட் என்றே எழுதுகின்றன, ஸ்டார்ச்சுக்குத் தரசம் என்றொரு சொல்லும் அங்கே உண்டு. இலங்கைப் பாடநூல்களில் காபோவைதரேற்று மொத்தக் குடும்பத்துக்கும், மாப்பொருள் ஸ்டார்ச்சுக்கு மட்டும். இந்தப் பாகுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாவை அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். காபோவைதரேற்று என்பதை என் அம்மா வாயில் நுழைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

சர்க்கரைச்சத்து என்று சொல்லலாம் என்பது என் கட்சி. வேதியியலும் இதற்குத் துணை நிற்கும். கார்போஹைட்ரேட்டுக்கு இன்னொரு பெயர் சாக்கரைடு. அதன் கிரேக்க மூலமான சாக்கரோன், இந்தியாவிலிருந்து போன சொல். வடமொழி சர்க்கரா, முதலில் பரல், சரளைக்கல் என்று பொருள்பட்டுப் பிறகு இனிப்புக் குருணைக்கு ஆனது. நம் சர்க்கரையும் அதிலிருந்து வந்ததுதான். நம் நூல்களும் ஒற்றைச் சர்க்கரை, இரட்டைச் சர்க்கரை, கூட்டுச் சர்க்கரை என்று பிரிக்கின்றன. ஸ்டார்ச் கூட்டுச் சர்க்கரை. ‘சோத்துல சர்க்கரைச்சத்து இருக்கு’ என்று சொன்னால் உள்ளே போனதும் அது என்னவாகும் என்பதுவரை ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு என்று தெரியும். சர்க்கரைச்சத்து என்றால் இனிப்பை மட்டும் விட்டுவிட்டு, பரோட்டாவை எட்டாக அடுக்குபவர்கள் வருவார்கள். நான் செய்த தவறின் தலைகீழ். சில ஊர்களில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. அந்தக் குழப்பம் வேறு. அதனால் மற்றவர்களுக்குச் சொல்லும்போது பேண்டிங் வழியில் இரண்டையும் சேர்த்து ‘மாவும் இனிப்பும்’ என்கிறேன். லோ கார்புக்கு ‘மாவும் இனிப்பும் குறைத்த உணவு’. நீளம்தான், ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

நம் ஊரில் இதற்குப் பேலியோ என்றும் கீட்டோ என்றும் பெயர்கள் ஓடுகின்றன. பேலியோ, பழைய கற்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முன்பாதி. கற்கால மனிதன் பனீர் டிக்கா தின்றானா என்று கேட்டால் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கீட்டோ, கொழுப்பு எரியும்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்களிலிருந்து வந்தது. அந்த வாய் வாடைக்குக் காரணமும் அவைதான். டயட் என்பதற்கு ஈடாகப் பத்தியம் இருக்கிறது, ஆனால் அதில் மருந்து வாசனை அடிக்கிறது. பிரசவித்தவளுக்கும் மஞ்சள்காமாலைக்காரனுக்கும் உரிய சொல்லாக அது நின்றுவிட்டது.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து அரைத்த அந்தப் பொடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கார்போஹைட்ரேட்தான், வளரும் பிள்ளைகளுக்கு நல்லது, எனக்கு ஆகாது என்றேன். அவள் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

“மாவுச்சத்தத் திருப்பிப் போட்டாத்தானல சத்துமாவு. இதக் கண்டுபிடிக்கவா அந்தப் பிள்ளைக்கு ஐந்நூறு ரூவா குடுத்த?”