கல்லூரி திறந்தால் மயக்க மருத்துவர் வந்துவிடுவாரா?

கர்ப்பப்பை வாய் முழுதும் திறந்த பிறகும் குழந்தையின் தலை இறங்காமல் நின்றுவிட்டால், தாலுகா மருத்துவமனையில் அறுவை அரங்கும் மகப்பேறு மருத்துவரும் தயாராக இருந்தாலும், மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாதபோது பரிந்துரைச் சீட்டு எழுதி 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த மாதமும் நள்ளிரவில் அப்படியொரு சீட்டை எழுதினேன். தாயும் சேயும் நலம். ஆனால் வண்டி கிளம்பும்போது அந்தப் பெண்ணின் மாமனார் கேட்டார்: "ஊருக்கு ஊர் மெடிக்கல் காலேஜ் திறக்கிறாங்க, படிச்சவங்க எல்லாம் எங்கம்மா போறாங்க?"

அவருடைய கோபம் நியாயமானது. அதன் அடியில் இருக்கும் நம்பிக்கைதான் தவறு. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் விருதுநகர், நாமக்கல், அரியலூர் உள்ளிட்ட இடங்களில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். கூடுதலாகக் கிடைத்தவை 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். வரவேற்க வேண்டிய செலவுதான். ஆனால் அந்த ஆண்டு சேர்ந்த மாணவர், பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் முடித்து வெளியே வர 2027 ஆகிவிடும். அதன் பிறகு மயக்கவியலில் இடம் கிடைத்து மூன்றாண்டு படித்தால், 2030-க்கு முன் அவர் என் அறுவை அரங்குக்கு வர வாய்ப்பில்லை. எங்களிடம் இல்லாதது எம்.பி.பி.எஸ். மருத்துவர் அல்லர், நிபுணர். நிபுணரை உருவாக்குவது முதுநிலை இடமும், மூன்றாண்டு உதவித்தொகையும், படித்து முடித்ததும் காத்திருக்கும் நிரந்தரப் பணியிடமும்தான். இம்மூன்றுக்கும் ஒதுக்கும் பணத்துக்குத் திறப்பு விழா கிடையாது.

"அரசுப் பணத்தில் படித்துவிட்டுக் கிராமத்துக்கு வர மறுக்கிறார்கள்" என்பது எனக்கு அலுத்துப்போன வசனம். அரசுக் கல்லூரியில் முதுநிலை படிப்பவர்கள் முடித்த பின் அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்று 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. அப்படி எழுதிக் கொடுத்து, அசல் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு, நியமன ஆணை வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வேறு இடத்தில் வேலைக்கும் போக முடியாது, அரசும் கூப்பிடாது. ஒப்பந்தம் என்பது இரண்டு தரப்புக்கும் உரியது என்பதை மேடையில் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களையே நிபுணர்களாக்கும் வழியும் உண்டு. முதுநிலைப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான சர்வீஸ் கோட்டா அதற்காகத்தான். ஊரும் நோயாளியும் பழகியவர், பணியை விட்டு ஓடுவது அரிது. மருத்துவக் கவுன்சிலின் விதிகளைக் காட்டி 2017-இல் தடைப்பட்ட அந்த ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம். இடையில் போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், வலி வந்த பிறகு மருத்துவமனையைத் தேடாதீர்கள். எட்டாம் மாதத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அருகிலுள்ள சீமாங் மையம் (பிரசவ அவசரங்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் சிகிச்சை தரும் அரசு மையம்) எது, இரவில் அங்கே மயக்க மருத்துவர் இருப்பாரா, இரத்தம் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். முதல் பிரசவம் அறுவை சிகிச்சையாக இருந்தால் இது கட்டாயம். மேல்சிகிச்சைக்குப் போகச் சொன்னால் ஜோசியரையும் உறவினரையும் கலந்துபேச அரைமணி நேரம் எடுக்காதீர்கள். அந்த அரைமணி நேரம் குழந்தையுடையது. பணியில் இருக்கும் ஒரே மருத்துவரின் சட்டையைப் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. அவர் கிளம்பிவிட்டால் நாளை அந்த ஒருவரும் இருக்கமாட்டார்.

கோபத்தை மனுவாக்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தில், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட நிபுணர் பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேளுங்கள். மாற்றுப்பணியில் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால், ஆறு மாதமாக வேறு ஊரில் வேலை பார்க்கும் மயக்க மருத்துவரையும் சேர்த்து, பணியிடம் நிரம்பியிருக்கிறது என்றே பதில் வரும்.