கருத்துக்கணிப்பு: ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை

கருத்து, கணிப்பு. முதற்சொல்லில் குழப்பமில்லை. இரண்டாவதில்தான் இருக்கிறது.

கணித்தல் என்றால் எண்ணுதல், மதிப்பிடுதல். வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுதலும் அதுவே. சாதகம் கணிக்கிறோம், பஞ்சாங்கம் கணிக்கிறோம். புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரில் உள்ள கணியனுக்கும் காலம் கணிப்பவன் என்றே பொருள் சொல்வார்கள். வடமொழியின் ‘கண’ வேரோடு இதை இணைப்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், தமிழ்க் காதுக்குக் ‘கணிப்பு’ என்றதும் ஆரூடத்தின் வாசம் வந்துவிடுகிறது.

கருத்துக்கணிப்புக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ‘போல்’ (poll) என்ற சொல் அப்படிப்பட்டதல்ல. அதன் பழைய பொருள் தலை, உச்சந்தலை. தலைகளை எண்ணுவதே அதன் வேலை. தலைவரிக்கும் அங்கே அதே சொல்தான். ‘இன்று இத்தனை தலைகள் இந்தப் பக்கம்’ என்பதோடு அது நின்றுவிடும். நாளை யார் வெல்வார் என்பது வேறு கணக்கு. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

சிலரை மாதிரியாக எடுத்துக் கேட்டு எல்லோரையும் அறிவதுதான் ஆய்வின் வழி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே அதன் அடிப்படை விதி. ஆனால் பானை முழுதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். நெல் மூட்டையில் ஊசி குத்திப் பார்க்கும் வியாபாரி மேல்வாயில் மட்டும் குத்தினால் அடியிலுள்ள பதரை அறியமாட்டார். அதனால்தான் ஆய்வில் யாரைக் கேட்பது என்பதைக் கேட்பவரின் வசதிக்கு விடாமல், ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பைக் கொடுத்து எடுக்கிறார்கள். நமது இலங்கைப் பாடநூல்கள் இதை எழுமாற்று மாதிரி என்கின்றன. தமிழ்நாட்டில் சமவாய்ப்பு மாதிரி. இரண்டும் நல்ல சொற்கள்.

அப்படி எடுத்தாலும் வழு, அதாவது பிழை, இருக்கும். கையால் போடக்கூடிய கணக்கு இது: 100ஐக் கேட்கப்பட்டோர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1000 பேரென்றால் சுமார் 3 வீதம் கூடலாம், குறையலாம். 400 பேரென்றால் 5. 100 பேரென்றால் 10. இருவருக்கிடையிலான இடைவெளியைப் பார்க்கும்போது இந்த வழு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ‘2 வீதத்தால் முன்னிலை’ என்ற தலைப்புக்குப் பெரும்பாலும் பொருளே இல்லை.

இனி இந்தக் கணக்கை இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் போட்டுப் பார்ப்போம். 2024 வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) நாடு முழுவதும் 1 கோடியே 71 லட்சம் பேர். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3 லட்சத்துக்குச் சற்று மேல். கிளிநொச்சி வன்னி நிலமென்றாலும் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேரும். ஆகவே 1000 பேரைக் கேட்கும் நாடளாவிய ஆய்வில் வன்னியின் பங்கு 18 பேர். வவுனியாவுக்கு 7 அல்லது 8, மற்ற இரண்டுக்கும் 5 அளவில். 18 பேரின் வழு 23 வீதத்துக்கு மேல். ஒவ்வொருவரும் 17,000 வாக்காளருக்காகப் பேசுகிறார். அவர்களில் பாதிப்பேர் தொலைபேசியை எடுக்காவிட்டால், எடுத்தவரின் பதிலுக்கு இரட்டை நிறை போட்டுச் சரிக்கட்டுவார்கள். அப்போது ஒருவர் 34,000 பேருக்காகப் பேசுவார்.

இந்தப் பானை ஒரே சீராக வேகும் பானையும் அல்ல. மன்னாரின் கத்தோலிக்கக் கரையோரம், முசலியின் முஸ்லிம் ஊர்கள், வவுனியாவின் மலையகத் தமிழ்க் குடியிருப்புகள், வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்கள மக்கள் என்று தட்டுத்தட்டாக இருக்கிறது. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னார் இடாப்பில் வாக்களித்து வந்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போகும் ஆய்வாளர் அவர்களை மன்னாரில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். போரைக் கடந்த ஊரில், முகம் தெரியாத ஒருவர் ‘யாருக்குப் போடுவீர்கள்?’ என்று கேட்டால், சொல்லப் பாதுகாப்பான பதிலே முதலில் வரும். இந்த வழுவை எந்தச் சூத்திரமும் காட்டாது.

நாளும் முக்கியம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் வன்னியில் சஜித் பிரேமதாச முதலிடம். அனுர குமார திசாநாயக்க நான்காமிடம், 10 வீதத்துக்குக் கீழ். எட்டு வாரம் கழித்து, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி சுமார் 20 வீத வாக்கோடு அதே வன்னியில் முதலிடம், இரண்டு ஆசனம். மற்ற நான்கு ஆசனங்களும் நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்றாகப் போயின. செப்டெம்பரில் மிகச் சரியாக எடுத்த ஆய்வுகூட நவம்பருக்கு உதவியிராது. ஆசனம் இப்படிச் சிதறும் மாவட்டத்தில் 23 வீத வழுவை வைத்துக்கொண்டு ஆசனம் சொல்வது அளவீடே அல்ல.

எண்ணிக்கை பெரிதானால் தீருமா? 1936இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை 20 லட்சத்துக்கு மேற்பட்ட விடைத்தாள்களைத் திரட்டி, ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ற் தோற்பார் என்றது. அவர் ஏறத்தாழ 61 வீதம் பெற்று வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களே பெரிதும் பயன்பட்டன; விரும்பியவர்கள் மட்டுமே திருப்பி அனுப்பினார்கள். முகநூல் வாக்கெடுப்பும் இதே நோய் கொண்டதுதான். அதில் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் அழுத்தினாலும் அது வவுனியாக் கணக்கில் சேரும்.

இன்னொரு இடமும் வழுக்கும். 100 பேரில் 30 பேர் ‘முடிவெடுக்கவில்லை’ என்கிறார்கள், 28 பேர் ஒரு கட்சியைச் சொல்கிறார்கள் என்று வைப்போம். முப்பதை நீக்கிவிட்டால் 28 சட்டென்று 40 வீதமாகும். நீக்கியதைச் சொல்லாமல் வெளியிடும் கணிப்பை நம்பக்கூடாது.

சரியான தமிழ் எது? கேட்டு அளப்பதைக் கருத்தாய்வு என்போம். அதிலிருந்து வெற்றியையோ ஆசனத்தையோ ஊகித்துச் சொன்னால் தேர்தல் கணிப்பு. வாக்களித்து வெளியே வருவோரைக் கேட்பது வாக்களித்தோர் கருத்தாய்வு. ‘வாக்கெடுப்பு’ என்பதைச் சட்டப்படி நடப்பதற்கே விடவேண்டும். 1982இல் நடந்தது சர்வசன வாக்கெடுப்பு, அதன் முடிவு நாட்டைக் கட்டுப்படுத்தியது. ஆய்வின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. செய்தி எழுதுவோர் எந்த நாட்களில், எந்த மொழியில், யாருடைய பணத்தில் கேட்டார்கள் என்பதோடு, வன்னியில் கேட்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் முதற்பந்தியிலேயே போடவேண்டும். அந்த எண் 400க்குக் கீழே என்றால் ‘வன்னியில் முன்னிலை’ என்ற தலைப்பைப் போடக்கூடாது.